73939133: கடைக்குறைப் பகா எண் என்று சொல்லலாமா?

அன்பு நண்பர்களே,

கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவது பகா எண்ணாகவே இருக்கும் எண்களுக்கு 'வலப்பக்கம் துண்டிக்கத்தக்க பகா எண்' என்ற பெயர் நம் கலைச்சொல் விவாதத்தில் முன்வைக்கப்பட்டது. பொருள் சரிதான். ஆனால் பாடம் நடத்தும்போது வாயில் நிற்காது. நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை, தாமரை 'மரை' ஆனால் முதற்குறை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அதையே எடுத்து 'கடைக்குறைப் பகா எண்' என்றால் என்ன?

73939133-ஐயே பாருங்கள். 7393913, 739391, 73939, 7393, 739, 73, 7 என எல்லாமே பகா எண்கள். பதின்ம முறையில் இப்படிப்பட்டவை மொத்தம் 83தான். அவற்றில் மிகப் பெரியது இது. ஏன் இதற்குமேல் வளரவில்லை? 7-க்குப் பின்னால் ஒட்டக்கூடியவை 1, 3, 7, 9 மட்டுமே. மற்றவை 2 அல்லது 5-ஆல் வகுபடும். 73939 வரை இலக்கக் கூடுதலை 3-ஆல் வகுத்தால் மீதி 1. அதோடு 1 சேர்ந்து 739391 ஆனதும் மீதி 2 ஆகிவிடுகிறது. அப்புறம் 1, 7 இரண்டுக்கும் இடமில்லை, சேர்த்தால் 3-ஆல் வகுபடும். 3, 9 மட்டும் மிச்சம். இருமுறை 3 சேர்ந்தது. மூன்றாம் முறை 739391333, 739391339 இரண்டுமே பகு எண்கள். எவ்வளவு அழகான முட்டுச்சந்து!

இந்தப் பெயருக்கு ஒரு நண்பர் எழுப்பிய மறுப்பு:

> இலக்கணத்தில் கடைக்குறை என்பது குறைந்து நிற்கும் சொல். இங்கே இன்னும் குறையாத எண்ணை அல்லவா அப்படி அழைக்கிறீர்கள்? மேலும், 'நீல்' என்றாலும் பொருள் நீலம்தான். 739 என்றால் 7393 ஆகுமா?

நல்ல கேள்வி, ஐயா. மதிப்பு மாறுகிறது, உண்மை. ஆனால் 'பகாமை' என்ற பண்பு மாறவில்லை. சொல்லுக்குப் பொருள் எப்படியோ, இங்கே அந்தப் பண்பு அப்படி. முதல் மறுப்புக்கு, 'கடைக்குறை தாங்கும் பகா எண்' என்று வரையறையில் ஒருமுறை விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். நடுவில் உள்ள சொல் மறைந்து நிற்கும் தொகைநிலைத் தொடர் அதற்கு இடம் தருகிறது.

இன்னொரு வசதி, ஜோடிச் சொல்லும் உடனே கிடைக்கிறது. முன்னிலக்கத்தை நீக்கிக்கொண்டே வரும் வகை 'முதற்குறைப் பகா எண்'. அதில் மிகப் பெரியது 24 இலக்கம் கொண்ட 357686312646216567629137. அந்த வகைக்கு மட்டும், எண்ணில் எங்கும் சுழியம் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையை வரையறையில் சேர்க்க வேண்டும். 739397 இரண்டு வகையிலும் அடங்கும், அதை 'இருபுறக்குறை' எனலாம். இலங்கை நண்பர்கள் 'முதன்மை எண்' என்றே எழுதுவதால், அவர்களுக்குக் 'கடைக்குறை முதன்மை எண்'. முன்னொட்டு அப்படியே பொருந்தும்.

வேறு மறுப்பு இல்லையென்றால் மூன்று சொற்களையும் நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். 'இருபுறக்குறை'யில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.