பைக்கில் முன் பல் மாற்றுவதற்கு ஒரு சொல்: ‘இழுவை வீதம்’ சரியாக வருமா?

குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

பைக்கில் எஞ்சின் பக்கம் சங்கிலியை ஓட்டும் சின்னப் பல் சக்கரத்தை (பட்டறையில் அது ‘முன் பல்’, பின்சக்கரத்தில் இருப்பது ‘பின் பல்’) ஒரு பல் கூட்டியோ குறைத்தோ மாட்டுகிறோமே, அதனால் மாறும் விகிதத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கடை சாத்திய பிறகு எல்லா மடலையும் இரண்டு தடவை படித்தேன். தனித்தனியாகப் பதில் எழுதினால் இழை எங்கெங்கோ போய்விடும். அதனால் ஒரே மடலாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

கேள்வி எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அம்பாசமுத்திரத்தில் இருசக்கர வண்டி உதிரிபாகக் கடை. இரண்டு மாதத்துக்கு முன்னால் களக்காட்டுப் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்தார். வயலில் இருந்து ஏத்தன் வாழைத் தார்களை வண்டியில் கட்டிக் கொண்டுவருகிறவர். கைபேசியில் ஒரு தமிழ்க் குறிப்பைக் காட்டினார். ‘கியர் விகிதத்தைக் குறைத்தால் வண்டிக்கு இழுவை கூடும்’ என்று அதில் இருந்தது. அவருக்குக் கணக்கு நன்றாக வரும். பின்னால் 42 பல், முன்னால் 14 பல், வகுத்தால் 3. முன்னால் 15 போட்டால் 2.8. விகிதம் குறைகிறது, அதனால் 15 பல் கொடுங்கள் என்று கேட்டார். கடையில் அன்று நான் இல்லை. பையன் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார். “அண்ணாச்சி, நீங்க இல்லாத அன்னைக்கு வாங்கிட்டுப் போனேன்லா, வண்டி கால்வாக்கரை ஏறவே மாட்டேங்கு” என்றார். எப்படி ஏறும்? இழுவையைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்து மாட்டியிருக்கிறார். அவர் கணக்கு சரி, பையன் கொடுத்ததும் அவர் கேட்டதுதான். தப்பு அந்தத் தமிழ் வரியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘லோ கியர்’ என்றால் மெதுவாகப் போய் நன்றாக இழுக்கும் கியர். ஆனால் லோ கியரில் அந்த வகுத்தல் எண் பெரிதாக இருக்கும். எழுதியவர் ‘லோ’ என்பதைக் ‘குறைத்தல்’ என்று மாற்றி, அதை விகிதத்தின் தலையில் ஏற்றிவிட்டார். படித்தவர் எண்ணைக் குறைத்துவிட்டார்.

சொல் தேடும்போது எனக்கு இந்த ஆள்தான் கண் முன்னால் நிற்கிறார். இனி மடல்களுக்கு வருகிறேன்.

> பல்லிணை விகிதம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக எதற்கு?

ஐயா, பல்லிணை என்றால் பல்லோடு பல் இணைவது. கியர் பெட்டிக்குள் நடப்பது அதுதான், அங்கே அது அழகான சொல். முன் பல் மாற்றும்போது கியர் பெட்டியை நாம் தொடுவதே இல்லை. இடது பக்க மூடியைக் கழற்றி, கிரீஸும் மண்ணும் சேர்ந்து களிம்பாகக் கிடப்பதை வழித்துப் போட்டால் சின்னச் சக்கரம் தெரியும். நம் ஊரில் அதிகம் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றில் அதை ஒரு தகடும் இரண்டு 10 நம்பர் போல்ட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட்டைக் கழற்றித் தகட்டைக் கொஞ்சம் திருப்பினால் தண்டின் வரிகள் வழியாகச் சக்கரம் வெளியே வந்துவிடும். இங்கே பல்லோடு பல் சேர்வது எங்கேயும் இல்லை. பல்லும் சங்கிலியும்தான் சேர்கின்றன. பல்லிணை என்று எழுதினால் படிக்கிறவன் கியர் பெட்டியைத் திறக்கப் போய்விடுவான்.

> முறுக்குவிசை கூடுவதால் ‘முறுக்கு வீதம்’ எனலாம்.

இயற்பியல்படி இதில் குற்றமே சொல்ல முடியாது. பின்சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அந்த எண்ணின் அளவுக்குத்தான் பெருகுகிறது. ஆனால் பட்டறையில் ‘முறுக்கு’ என்றால் ஆக்சிலேட்டரைத் திருகுவது. ‘வண்டியை முறுக்கிட்டுப் போறான்’ என்றால் வேகமாகப் போகிறான் என்று பொருள். நம் எண் கூடும்போது வேகம் குறைகிறது. மறுபடியும் சொல் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போகும். இதனால்தான் வேண்டாம் என்கிறேன், சொல்லில் குறை இல்லை.

என் முன்மொழிவு ‘இழுவை வீதம்’. பின் பல்லை முன் பல்லால் வகுத்து வருவது. இதை நான் உண்டாக்கவில்லை, பாதி சொல் பட்டறையில் இருந்து வந்ததுதான். ‘ஒரு பல் இறக்குனா இழுவை கூடும், ஏத்துனா ஓட்டம் கூடும்’ என்று இங்கே எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். அந்த இழுவையை அப்படியே எடுத்துக்கொண்டேன். 42க்கு 14 என்றால் இழுவை வீதம் 3. முன்னால் 13 போட்டால் 3.23. வீதமும் கூடுகிறது, இழுவையும் கூடுகிறது. 15 போட்டால் 2.8. வீதமும் குறைகிறது, இழுவையும் குறைகிறது. எண் எந்தப் பக்கம் போகிறதோ சொல்லும் அந்தப் பக்கமே போகிறது. களக்காட்டுக்காரர் படித்த குறிப்பில் ‘இழுவை வீதத்தைக் கூட்டுங்கள்’ என்று இருந்திருந்தால் அவர் 13தான் கேட்டிருப்பார்.

இன்னொரு வசதியும் உண்டு. முன்னால் பல்லைக் குறைப்பதும் பின்னால் பல்லைக் கூட்டுவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. முன்னால் ஒன்று குறைப்பது பின்னால் மூன்று கூட்டுவதற்குக் கிட்டத்தட்டச் சமம் (14க்கு 45 என்றால் 3.21). ‘பல் ஏற்று, பல் இறக்கு’ என்று மட்டும் சொன்னால் முன்னாலா பின்னாலா என்ற கேள்வி வரும். ‘இழுவை வீதத்தைக் கூட்டு’ என்றால் அந்தக் கேள்வி இல்லை, எந்த வழியில் வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.

> ‘இழுவை’ என்பதைக் காற்றுத் தடைக்குப் பலர் பயன்படுத்துகிறார்கள். குழப்பம் வராதா?

கோவை நண்பர் கேட்ட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதுவும் எங்கள் பக்கத்தில் காற்றை விட்டுவிட்டு வண்டியைப் பற்றிப் பேசவே முடியாது. நான் ஒரு சமயம் என் சொந்த வண்டிக்கு 15 போட்டிருந்தேன். நாற்கரச் சாலையில் நாகர்கோவில் போய்வர வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். அதே எஞ்சின் சுற்றில் 60 போன இடத்தில் 64 போகும், சத்தம் அடங்கும். நாங்குநேரி வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. வள்ளியூர் தாண்டியதும் ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முகத்தில் அறைந்தது. பணகுடி பக்கம் காற்றாலை எல்லாம் முழு வீச்சில் சுற்றிக்கொண்டிருக்க, என் வண்டி நாலாவது கியரில் நிற்கவில்லை. மூன்றுக்கு இறக்கினால் கத்துகிறது, நாலுக்கு ஏற்றினால் திணறுகிறது. முப்பந்தல் வரைக்கும் அப்படியேதான். வேகத்துக்கு என்று மாட்டிய பல் அன்று 14 பல்லைவிட மெதுவாகத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அன்று காற்று என் வண்டியைப் பின்னால் இழுத்ததையும் இழுவை என்று சொல்லி, வண்டிக்கு இல்லாமல் போனதையும் இழுவை என்று சொன்னால் குழப்பம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேச்சில் நாம் காற்றுக்கு அந்தச் சொல்லைப் போடுவதில்லை. ‘எதிர்க்காற்று தள்ளுது’ என்போம். புத்தகத்தில் காற்றுத்தடை என்றோ எதிர்விசை என்றோ எழுதலாமே. மாட்டுக்கும் டிராக்டருக்கும் வண்டிக்கும் உரிய இழுவையை அவற்றிடமே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

காற்றாலை என்றதும் வேறொரு நண்பர் எழுதியது ஞாபகம் வருகிறது. அங்கே இறக்கை மெதுவாகச் சுற்ற, கியர் பெட்டி சுற்றைக் கூட்டி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. அதற்கு இழுவை வீதம் பொருந்தாது, சரிதான். எல்லாவற்றுக்கும் பொதுவாகச் ‘சுற்று வீதம்’ இருக்கட்டும். வண்டிக்கு மட்டும் இழுவை வீதம்.

அடுத்தது சங்கிலி ஓடும் அந்தப் பல் சக்கரத்தின் பெயர். இதில்தான் நான் என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் அது ‘ஸ்பிராக்கெட்’, ஆனால் கடையில் எல்லாரும் ‘செயின் பிராக்கெட்’ என்றுதான் கேட்கிறார்கள். நம்பர் பிளேட்டைத் தாங்குவதும் பிராக்கெட், சங்கிலி ஓடுவதும் பிராக்கெட். ‘முன் பிராக்கெட்’ என்று மொட்டையாக ஒருவர் கேட்டால் பையன் எதை எடுப்பான்? அதனால் நான் ‘கண்ணிச்சக்கரம்’ என்று எழுதியிருந்தேன். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பல் விழுவதால் பொருத்தமாகத்தான் பட்டது. கழுத்துச் சங்கிலி அறுந்தால் கண்ணி விட்டுப்போச்சு என்றுதானே சொல்கிறோம்?

யாழ்ப்பாணத்து அம்மா எழுதியிருந்தார்: கண்ணி என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு முதலில் கண்ணிவெடிதான் நினைவுக்கு வரும், பள்ளிப் பாடத்தில் அதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை என்று. அதைப் படித்த பிறகு அந்தச் சொல்லுக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை, அம்மா. விட்டுவிடுகிறேன்.

‘சக்கரம்’ என்பதிலும் ஒரு சிக்கல் இருப்பதைக் கடையில் சொல்லிப் பார்த்தபோதுதான் கண்டேன். எவ்வளவு நீளமான சொல்லைக் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் வாய் அதைச் சுருக்கிவிடும். ‘முன் சங்கிலிச் சக்கரம்’ சுருங்கினால் ‘முன் சக்கரம்’. அது வண்டியின் முன்சக்கரம் ஆகிவிட்டது! சுருங்கினாலும் பொருள் கெடாத சொல் வேண்டும்.

மதுரை நண்பர் சொன்ன ‘பல்வட்டு’ நன்றாக இருந்தது. வட்டு என்றால் தட்டையான வட்டம், கருப்பட்டி வட்டு என்று நாங்கள் சொல்வது போல. கியரைப் போலத் தடியாக இல்லாமல் இது தகடுதானே. ஆனால் தமிழாசிரியர் ஐயா குறிப்பிட்டது போல, பல்பொருள், பல்கலை என்று வருவதால் ‘பல வட்டுகள்’ என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. கிளட்சுக்குள் உண்மையிலேயே பல வட்டுகள் அடுக்கி இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால் ‘சங்கிலி வட்டு’. சுருக்கமாக முன் வட்டு, பின் வட்டு. ‘13 பல் முன் வட்டு ஒண்ணு குடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடங்கலே இல்லை. டிஸ்க் பிரேக்கின் தகட்டையும் வட்டு என்று சொல்ல வேண்டிவருமே என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதற்கு ‘தடை வட்டு’ என்று வைத்தால் இரண்டும் பிரிந்துவிடும் என்று நினைக்கிறேன். வேறு யோசனை இருந்தால் எழுதுங்கள்.

இந்தச் சொற்களை வைத்துப் வேலை பழகும் பையன்களுக்காக நான் எழுதிவரும் குறிப்பில் ஒரு பகுதி எழுதிப் பார்த்தேன். சொல் வாக்கியத்தில் நடக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்:

“முன் வட்டில் ஒரு பல் குறைத்தால் இழுவை வீதம் ஏறும். ஏற்றத்திலும் பாரத்திலும் வண்டி திணறாது, ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுற்றும். 428 அளவுச் சங்கிலியில் ஒரு பல்லின் இடைவெளி 12.7 மில்லிமீட்டர். ஒரு பல் மாறினால் பின் அச்சு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்தால் போதும், பெரும்பாலும் சங்கிலியை வெட்ட வேண்டியதில்லை. பல் குறையக் குறையச் சங்கிலி அதிகமாக மடங்குவதால் சீக்கிரம் தேயும். பல் கூட்டும்போது மூடிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்க்கவும். வேகமானி முன்சக்கரத்தில் இருந்து ஓடினால் அளவு மாறாது. கியர் பெட்டியில் இருந்து ஓடினால் தவறாகக் காட்டும்.”

எனக்கு இதில் எங்கேயும் முட்டவில்லை. ‘வேகமானி’ மட்டும் பையன்களுக்குப் புதுசு, மீட்டர் என்றே விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.

ஒரு நண்பர், மெக்கானிக்குகள் யாரும் நம் சொல்லைக் கேட்கப் போவதில்லை, எதற்கு வீண் உழைப்பு என்று வருத்தப்பட்டிருந்தார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1930களில் கலைச்சொற்களைத் தொகுத்த வேலைக்குத் திருநெல்வேலிதான் இருப்பிடம் என்பதை நினைத்துக்கொள்வேன். அதை விடுங்கள், என்னிடம் கையில் ஒரு சான்று இருக்கிறது. மூன்று வாரமாகப் பெட்டிகள் மேல் ‘முன் வட்டு 13 பல்’, ‘முன் வட்டு 14 பல்’ என்று பட்டையான எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நேற்று கல்லிடைக்குறிச்சி மெக்கானிக் ஒருவர் அவராகவே அலமாரியைப் பார்த்து, “அந்த 14 பல் வட்டு ஒண்ணு எடுங்க அண்ணாச்சி” என்றார்.

களக்காட்டுக்காரருக்கு 15ஐத் திரும்ப வாங்கிக்கொண்டு 13 கொடுத்தேன். கூடுதல் காசு வாங்கவில்லை. மாட்டின மறுநாளே போன் போட்டார், நாலு தாரோடு கரை ஏறிவிட்டதாம்.

‘தடை வட்டு’ பற்றியும் ‘வேகமானி’ பற்றியும் ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது எழுதினால் நல்லது. திங்கட்கிழமை குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்பாசமுத்திரத்தில் இருந்து