தண்டனை "தானாக இரட்டிப்பாகுமாம்"!

முறிகண்டியான்:
நேற்று இங்கே ஒரு லண்டன் அண்ணை எழுதியிருக்கிறார்: இங்கிலாந்தில் இனவெறியில் அடித்தால் தண்டனை தானாக இரட்டிப்பாகுமாம், நாங்களும் அப்படிச் சட்டம் கேட்க வேண்டுமாம். தானாக ஏறுவதற்கு இது என்ன கரண்ட் பில்லா? அங்கே உடற்காயம் வருகிற அடிக்கு உச்சம் 5 வருடம். இனப்பகை என்று நிரூபித்தால் உச்சம் 7. நீதிபதி ஒரு வருடமும் போடலாம்.

லண்டன் குமுழமுனை:
1998ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒழுங்காக வாசியும் தம்பி. காயமில்லாத சும்மா அடிக்கு 6 மாதம். இனப்பகை சேர்ந்தால் 2 வருடம். நாலு மடங்கு! உமக்குக் கணக்குப் படிப்பித்தவர் யார்?

முறிகண்டியான்:
அதுவும் உச்சம்தான் அண்ணை. "தானாக" எங்கே போனது?

குளக்கட்டு:
இரண்டு பேரும் லண்டனிலேயே நில்லுங்கோ. இங்கே இலங்கையில் 2007இன் 56ஆம் இலக்கச் சட்டத்தில் இன, மதப் பகையைத் தூண்டினால் 10 வருடம் வரை. பிணை கேட்க மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சிறுகதை எழுதிய சக்திக சத்குமாரவை 2019 ஏப்ரலில் பிடித்து ஆகஸ்ட்டில்தான் பிணையில் விட்டார்கள். கதைக்கு நாலு மாதம் உள்ளே!

லண்டன் குமுழமுனை:
நான் அடியைச் சொல்கிறேன், நீர் கதையைச் சொல்கிறீர்.

முறிகண்டியான்:
குளக்கட்டு, கொஞ்சம் பொறும். அண்ணை, அமெரிக்காவில் மிட்செல் வழக்கு தெரியுமா? 1993இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. வெள்ளைப் பையன் என்பதற்காகவே ஒருவனை மிட்செல் தேர்ந்து, மற்றவர்களைக் கொண்டு அடிக்க வைத்தான். அடிக்கு உச்சம் 2 வருடம், பகையால் 7 ஆனது. போட்டது 4. தானாக என்றால் 7 அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

லண்டன் குமுழமுனை:
2 இருந்த இடத்தில் 4. இரட்டிப்பு! உம்முடைய வாயாலேயே வந்துவிட்டது.

முறிகண்டியான்:
தா-னா-க!! தமிழ் விளங்குமா? கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீர்ப் பிரச்சினையிலும் நீங்கள் இப்படித்தான் சொல்லை மாற்றினீர்கள். அங்கே குளிரில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னது யார்? இங்கே சிறுபோகம் செய்கிறவன் நான்.

குளக்கட்டு:
சிறுபோகத்துக்கு என்னிடம் இரவல் வாங்கிய தண்ணி மோட்டர் எங்கே?

முறிகண்டியான்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குளக்கட்டு:
வைகாசியில் வாங்கினது. ஹோஸ் பைப்பும் சேர்த்து.

லண்டன் குமுழமுனை:
😀 மோட்டர் தானாக வரும், பொறுத்திரும்.

முறிகண்டியான்:
பார்த்தீர்களா, இப்போதும் பதில் இல்லை. 7 என்பது உச்சம். திரும்பவும் சொல்கிறேன், உச்சம்.

லண்டன் குமுழமுனை:
போட்டது 4.