போக்கர்: புதியவர் முதலில் கற்க வேண்டியது எது?

கடைசிச்சீட்டு: எந்தச் சீட்டுச் சேர்க்கை (கை) எதை வெல்லும் என்ற வரிசைதான். கீழிருந்து மேலாக: ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று, ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து எண்கள்), ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்), ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்), ஒரே எண்ணில் நான்கு, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஸ்ட்ரெய்ட்டும் ஃப்ளஷும் ஒன்றாக). இது மனப்பாடம் ஆகாமல் டெக்ஸாஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வரும் போக்கர்) ஆட உட்கார்ந்தால், தன்னிடம் இருப்பது நல்ல கையா என்பதே தெரியாது.

பொறுமைசாலி: அது பத்து நிமிட வேலை. புதியவர்கள் தோற்பது வந்த கையையெல்லாம் ஆடுவதால்தான். முதல் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். பெரும்பாலானவை கவிழ்த்துப் போட வேண்டியவை. ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒருமுறைதான். அதுவரை சும்மா இருக்க முடியாமல் நான் தொலைத்த சில்லுகள் கொஞ்சமல்ல.

கடைசிச்சீட்டு: பத்து நிமிடமா? ஃப்ளஷ் ஏன் ஸ்ட்ரெய்ட்டை வெல்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். ஐந்து சீட்டில் ஃப்ளஷ் 5,108 விதம், ஸ்ட்ரெய்ட் 10,200. அரிதானது ஜெயிக்கும், அவ்வளவுதான்.

பொறுமைசாலி: சரி, காரணம் தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கையை ஆடுவது? உட்காரும் இடமும் முக்கியம். டீலர் பட்டனில் (சீட்டு பிரிப்பவரின் இடத்தைக் காட்டும் வில்லை) இருந்தால் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். முதல் ஆளாகப் பேசுபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் இன்னும் நல்ல கைக்குக் காத்திருக்க வேண்டும்.

நடுவிலொருவன்: ஒரு கேள்வி. ஃப்ளாப்பில், அதாவது மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்ததும், என் கையில் உள்ள இரண்டையும் சேர்த்து எனக்கு நான்கு ஹார்ட்டின். நடுவில் சேர்ந்த பந்தயம் (பாட்) 100, எதிராளி 50 கட்டுகிறார். தொடரலாமா?

கடைசிச்சீட்டு: தாராளமாக. 150 ஜெயிக்க 50 போடுகிறீர்கள், மொத்தம் 200-இல் உங்கள் பங்கு 50, அதனால் 25% வாய்ப்பு இருந்தால் போதும். கடைசிச் சீட்டுக்குள் ஃப்ளஷ் ஆக 35% இருக்கிறதே.

பொறுமைசாலி: அந்த 35% மேசையில் இன்னும் வர வேண்டிய இரண்டு சீட்டையும் பார்த்தால்தான். பார்க்காத 47 சீட்டில் ஹார்ட்டின் 9, அதாவது அடுத்த சீட்டில் வர 19%தான். வராவிட்டால் அவர் மறுபடி கட்டுவார், அப்புறம்?

கடைசிச்சீட்டு: வந்துவிட்டால் இன்னும் கட்டுவாரே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லையே?

பொறுமைசாலி: மேசையில் மூன்றாவது ஹார்ட்டினைப் பார்த்ததும் பயந்து நிறுத்திக்கொள்பவரும் உண்டு.

கடைசிச்சீட்டு: பயப்படுவதற்கு அவருக்கு முதலில் வரிசை தெரிந்திருக்க வேண்டுமே!