நேரக்குண்டு வாதமும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும்

வெள்ளவத்தை_விவாதக்குழு:
ஏ.எல். மாணவர் விவாதத்துக்குத் தலைப்பு: ‘பல உயிர்களைக் காக்கச் சந்தேகநபரைச் சித்திரவதை செய்யலாம்’. ஒட்டிப் பேசுகிறவர்கள் எல்லாரும் நேரக்குண்டைத்தான் தூக்கி வருகிறார்கள் (குண்டு வெடிக்கப்போகிறது, இடம் தெரிந்தவன் கையில் இருக்கிறான், அடித்தால் சொல்வான் என்ற வாதம்), 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளையும் சேர்த்து. ‘மனித மாண்பு’ என்று மட்டும் சொன்னால் நடுவரிடம் எடுபடாது. இலங்கைச் சட்டத்துக்குள் நின்று எப்படி வெட்டுவது?

புதுக்கடை_வாசி:
உயிர்த்த ஞாயிறை அவர்கள் தொட்டால் உங்களுக்குத்தான் வாய்ப்பு. இந்தியத் தரப்பின் எச்சரிக்கை 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவைக்கு வந்துவிட்டது. 11ஆம் திகதி பொலிஸுக்குள் கடிதமாகவும் போனது. குண்டு வெடித்தது 21ஆம் திகதி. கையில் இருந்த தகவலை வைத்துச் செயற்படாததற்காகத்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தச் சொன்னது. அடித்துக் கறக்க வேண்டிய தகவல் எது என்று எதிரணியைக் கேளுங்கள்.

அடுத்து, இங்கே அடி எதற்காக விழுகிறது என்று பாருங்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் எடுபடாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 16ஆம் பிரிவில் இதைப் புரட்டிப் போட்டது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பதிந்த ஒப்புதல் சான்றாகும், அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில். ஆக, அறைக்குள் தேடப்படுவது குண்டல்ல, கையெழுத்து. தடுப்புக் காவல் உத்தரவும் மூன்று மூன்று மாதமாக நீள்வது. உச்சம் முன்பு 18 மாதம், 2022 திருத்தத்துக்குப் பின் 12. பன்னிரண்டு மாதம் பொறுத்திருக்கும் நேரக்குண்டு எங்கே இருக்கிறது?

அந்தத் திருத்தம் 16ஆம் பிரிவில் கைவைக்கவில்லை.

மருதானை_72:
புதுக்கடை ஐயா சொன்னது சரி, ஆனால் ‘16 அரசியலமைப்புக்கு முரண்’ என்று மேடையில் அடித்துவிடாதீர்கள். உறுப்புரை 13(5)இலேயே சில விடயங்களை நிரூபிக்கும் சுமையை எதிரிமேல் வைக்க இடமுண்டு. 15ஆம் உறுப்புரையின் கீழ் தேசிய பாதுகாப்பைக் காட்டி, 13(5) தரும் உரிமையை (குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பதை) மேலும் மட்டுப்படுத்தலாம். உறுப்புரை 11, அதாவது சித்திரவதைத் தடை, அந்த 15க்குள் வரவேயில்லை. அங்கே நில்லுங்கள்.

1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்கு 7 முதல் 10 ஆண்டு சிறை. போர், அவசரகாலம், மேலதிகாரியின் கட்டளை எதுவும் எதிர்வாதமாகாது. எதிரணி இஸ்ரேலைக் காட்டினால்: 1987இல் பாதுகாப்புச் சேவையின் விசாரணை முறைகளை ஆராய்ந்த லண்டாவ் ஆணைக்குழு ‘மிதமான உடல் அழுத்தம்’ கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 1999இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த முறைகளுக்கு முன்கூட்டி அனுமதி கொடுக்க முடியாது என்றது. தனி அதிகாரி பின்னர் வழக்கில் ‘அவசியம்’ என்று வாதாடலாம் என்று ஒரு கதவை மட்டும் விட்டுவைத்தது. அந்த இடைவெளியை அவர்கள் பிடிப்பார்கள், தயாராக இருங்கள்.

வெள்ளவத்தை_விவாதக்குழு:
நன்றி. நடைமுறையில் சித்திரவதையை நிரூபிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று கேட்டால்?

புதுக்கடை_வாசி:
காயம் ஆறிவிடும், அவ்வளவுதான். சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போது தழும்புதான் மிச்சம். அழைத்துப்போன பொலிஸார் பக்கத்தில் நின்றால் கைதி வாய் திறக்கமாட்டார். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாதவர் கீழே ஒப்பமிட்டிருப்பார்.

2022 திருத்தம் நீதவான் தடுப்பிடத்துக்கு மாதம் ஒருமுறையாவது போக வேண்டும் என்கிறது. முதல் இரவில் பட்ட அடிக்கு அது பிந்திய வருகை. அதைவிடப் பயன் 1996ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில்: பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வீட்டார் பொலிஸை நம்பிக் காத்திராமல் தாங்களே ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிடித்த நேரம், வாகன இலக்கம், பிடித்த பொலிஸ் பிரிவின் பெயர் மூன்றும் அதில் பதிவாக வேண்டும்.

உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பட்டால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் வேண்டும். வெறும் பற்றுச்சீட்டை நீட்டினால் மனு கால எல்லையிலேயே விழுந்துவிடும்.