முன்பே சர்க்கரை உள்ளவர் கருத்தரிக்கும்போது: என் அனுபவம்

பள்ளியில் படிக்கும்போதே எனக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்துவிட்டதால், இன்சுலின் ஊசியோடுதான் மார்த்தாண்டம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டேன். கர்ப்பத்தில் வந்து பிரசவத்தோடு போகிற சர்க்கரையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். முன்பே சர்க்கரை உள்ளவளுக்குக் கருத்தரிக்கும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகிவிடுகின்றன. நாள் தள்ளிப்போனதை உறுதி செய்துகொண்டு மருத்துவரிடம் போவதற்குள் அதில் பாதிக்கு மேல் கடந்திருக்கும். அதனால்தான் நாகர்கோவிலில் நான் பார்க்கும் சர்க்கரை மருத்துவர், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 சதவீதத்துக்குக் கீழே வரட்டும் என்று காத்திருக்கச் சொன்னார். அதற்குள் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்து, தினமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையையும் தொடங்கிவிட்டார். இரத்த அழுத்தத்துக்கோ கொழுப்புக்கோ மாத்திரை எடுப்பவர்கள் அவற்றில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்ட உறவினர்களுக்கு அத்தையே பதில் சொல்லிக்கொண்டார், அது பெரிய உதவி.

கருத்தரித்த பின் முதல் சோதனை தாழ்சர்க்கரைதான். முதல் மூன்று மாதங்களில் இன்சுலின் தேவை குறையலாம், வாந்தியும் சேர்ந்துகொள்ளும். ஒரு விடியற்காலையில் வியர்த்து நனைந்து, கை நடுக்கத்தோடு எழுந்து பார்த்தபோது மீட்டர் 52 காட்டியது. அன்றிலிருந்து குளுக்கோஸ் பொடியும் தண்ணீரும் தலைமாட்டிலேயே இருந்தன.

ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருக்கிறதா என்று பார்க்க எல்லோருக்கும் கொடுக்கும் குளுக்கோஸ் கரைசலை எனக்கும் கலக்கத் தொடங்கினார்கள். நோய் ஏற்கெனவே உறுதியானவருக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. விவரம் சொன்னதும் செவிலியர் அட்டையில் குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டில் என்னைத் திணறடித்தது மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்குதான். வெறும் வயிற்றில் 95-க்குள்ளும், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குள்ளும் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தந்த இலக்கு. ஒரு தட்டு மசித்த மரச்சீனி அதை எளிதில் தாண்டவைத்தது. முற்றிலும் விடாமல், நாலைந்து துண்டுகளோடு நிறுத்தி, சாளைக் கறியையும் பயற்றுத் தோரனையும் கூட்டிக்கொண்டபோது அளவு கட்டுக்குள் நின்றது. ஏழாம் மாதம் அம்மா வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொத்தையும் அதிரசத்தையும் ஊரார்தான் தின்று தீர்த்தார்கள்.

பிந்தைய மாதங்களில் ஊசியின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பானதும், "இவ்வளவு மருந்து பிள்ளைக்கு ஆகுமா?" என்று வீட்டில் பயந்தார்கள். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால்தான் தேவை கூடுகிறது. ஊசியில் போடும் இன்சுலின் குறிப்பிடத்தக்க அளவில் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை, தாயின் சர்க்கரைதான் போகிறது. அந்தச் சர்க்கரைக்கு ஈடாகக் குழந்தையின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரப்பதால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதும், பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை தாழ்வதும் நேர்கின்றன என்று மருத்துவர் அத்தையிடமே விளக்கினார்.

38-ஆவது வாரத்தில் பிரசவம் ஆனது. குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். சீனித் தண்ணீர் தொட்டுவைக்கப் பெரியவர்கள் ஆசைப்பட்டாலும், முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால்தான் கொடுத்தோம். நஞ்சுக்கொடி வெளியேறியதும் இன்சுலின் தேவை சட்டென்று சரிந்துவிடும் என்பதால், குறைக்க வேண்டிய அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தேன். பாலூட்டும்போதும் சர்க்கரை தாழக்கூடும். இரவில் ஊட்டுவதற்கு முன் ஒரு சிறு மட்டி வாழைப்பழமாவது சாப்பிடும்படி அவர் சொன்னதை இப்போதும் கடைப்பிடிக்கிறேன்.