276-வது கிலோமீட்டர்

சங்கத்துச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

பொங்கல் நோம்பி வாழ்த்துகள் வரிசையாக வந்துகொண்டிருக்கிற நேரத்தில் துக்கம் பேச வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போயே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். இன்று ஜனவரி 12, 2022. பாவ்லோ கொன்சால்வெஸ் இறந்து இன்றோடு இரண்டு வருடம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் போர்ச்சுகல்காரர். பல நாள் ஓடுகிற நெடுந்தூரப் பந்தயமான டக்கார் ரேலியில் 2006-லிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். 2013-ல் கிராஸ் கன்ட்ரி ரேலியில் உலகச் சாம்பியன், 2015 டக்காரில் இரண்டாம் இடம். கடைசியாக ஓட்டியது நம் நாட்டு ஹீரோ பைக் கம்பெனியின் அணிக்காக. 2020-ல் டக்கார் முதல் முறையாகச் சவூதிக்கு வந்தது. ஏழாவது நாள் ரியாத்திலிருந்து வாடி அத்தவாசிர் வரைக்கும் ஓட்டம். நேரம் கணக்கெடுக்கிற தூரம் மட்டும் 546 கிலோமீட்டர். அதில் பாதி வந்தபோது, 276-ல், விழுந்தார். வயது 40.

வாடி அத்தவாசிர், நாங்கள் சுருக்கி வாடி என்போம், நான் மாதம் ஒரு தடவையாவது போய் வருகிற ஊர். அங்கே பண்ணைகளில் போர் மோட்டாரைக் கழற்றி மாட்டுவதுதான் என் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் லீவில் நம் ஊரில் இருந்தேன். காப்புக் கட்டுவதற்காக அப்பாவும் நானும் மேட்டுக்காட்டு வேலியோரம் பூளைப்பூ பறித்துக்கொண்டிருந்தோம். ஒரு கையில் பூங்கொத்து, இன்னொரு கையில் போன். செய்தியைப் படித்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவர் விழுந்த தகவல் ரேலிக்காரர்களுக்குக் கிடைத்தது அங்கே காலை 10:08. நம் ஊரில் மதியம் 12:38, நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்த நேரம். எட்டு நிமிடத்தில் ஹெலிகாப்டர் போய்விட்டது. நினைவில்லை, இதயம் நின்றிருந்தது. லைலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

“ஆரு கண்ணு?” என்றார் அப்பா. சொன்னேன். பந்தயத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “புள்ளைங்க இருக்குதா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். கூடவே ஓடிய ஜோவாகிம் ரோட்ரிகஸ் என்பவர் அவருக்கு மச்சான் முறை, இரண்டு பேரும் ஒரே அணி என்றும் சொன்னேன். அப்பா கையிலிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டார்.

சின்ன வயதில் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைக் காட்டுக்குள் கார் ரேலி பார்க்கப் போய், செம்மண் புழுதியோடு வீடு திரும்பி அம்மாவிடம் அடி வாங்கியவன் நான். ரேஸ் என்றால் முந்துவது என்றுதான் அப்போது தெரியும். டக்கார் வேறு மாதிரி. தினமும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், தன்னந்தனியாக. கொன்சால்வெஸ் ஓட்டிய காலத்தில் ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு பெட்டியில் காகிதச் சுருள் இருக்கும், அதுதான் ரோடுபுக். எங்கே பள்ளம், எங்கே திருப்பம் என்று குறி போட்டிருக்கும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, வேகத்தைக் குறைக்காமல், ஒரு கண் சுருளிலும் ஒரு கண் மண்ணிலும் வைத்து ஓட்ட வேண்டும். கண் அரை நொடி தப்பினால் போச்சு. விழுந்தால் பெரும்பாலும் முதலில் வந்து சேர்கிற ஆள் பின்னால் வருகிற போட்டியாளர்தான்.

கொன்சால்வெஸை நான் மறக்காததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. 2016-ல் அவர் மொத்தப் பட்டியலில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். ஆஸ்திரியாக்காரர் மத்தியாஸ் வால்க்னர் தொடை எலும்பு முறிந்து கிடப்பதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, மருத்துவர்கள் வருகிற வரைக்கும் கூடவே இருந்தார். இப்படி நின்ற நேரத்தை அமைப்பாளர்கள் பிறகு கணக்கில் திருப்பிக் கொடுப்பார்கள், அது விதி. ஆனால் நிற்கிற அந்த நிமிடத்தில் விதியை யோசித்தா ஒருவன் நிற்பான்? பழக்கம் இருக்க வேண்டும். 2020-ல் அவருக்காக முதலில் நின்றவர் ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ். முந்தைய வருடச் சாம்பியன், பட்டத்துக்காக ஓடிக்கொண்டிருந்தவர். அப்புறம் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் ஸ்விட்கோவும் வண்டியை நிறுத்தினார். அன்றைக்குப் பிரைஸுக்குக் கடிகாரம் ஞாபகத்தில் இருந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 2020-ல் மூன்றாம் நாள் அவருடைய எஞ்சின் போய்விட்டது. பட்டம் அங்கேயே கைவிட்டுப் போயிற்று. அவர் பாலைவனத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து, உதவி லாரி வந்ததும் எஞ்சினையே மாற்றிக்கொண்டு அன்றைய ஓட்டத்தை முடித்தார். வெயிலில் மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறவன் நான், அந்த வேலையின் அருமை எனக்குத் தெரியும்.

அவர் இறந்த மறுநாள் பைக் ஓட்டத்தை ரத்து செய்தார்கள். ஹீரோ அணி ரேலியிலிருந்தே விலகிக்கொண்டது. அடுத்த வருடத்திலிருந்து பைக் ஓட்டுகிற எல்லாரும் காற்றுப்பை உள்ள மேல்சட்டை போட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நம் சங்கத்து வீடுகளில் மண் ரேஸ் பிரியமுள்ள பையன்கள் இரண்டு மூன்று பேர் இருப்பது எனக்குத் தெரியும். வண்டி வாங்கித் தருகிற மாமாக்களே, முதலில் அந்தச் சட்டையை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். விலை கூடத்தான், இருந்தாலும் வாங்குங்கள்.

இந்த வாரம் ரேலி மறுபடியும் வாடிக்கு வந்து போனது. அதற்கு முன்னே, போன 4-ஆம் தேதி, மூன்றாவது கட்ட ஓட்டத்தை ஜோவாகிம் ரோட்ரிகஸ் ஹீரோ வண்டியில் வென்றார். இந்தியக் கம்பெனி வண்டி ஒன்று டக்காரில் ஒரு கட்டத்தை வெல்வது அதுதான் முதல் முறை. 2018-ல் மணல்மேட்டில் விழுந்து முதுகு உடைந்து எழுந்து வந்த மனிதர் அவர். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ராத்திரியே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பெயர் அவர் வாயில் நுழையவில்லை.

“பூளைப்பூ பொறிக்கறப்போ சொன்னியே, அந்த மச்சானா?” என்றார். ஆமாங்கப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அந்தப் புள்ளைங்க இப்போ எத்தனை ஒசரம் வளர்ந்திருக்குமோ” என்றார்.