ஆளைச் சுமந்துகொண்டு மலை இறங்கியவர்கள், கிணற்றில் இறங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாகலூர்க்காரர்:

உடல் தகுதி என்றாலே எத்தனை கிலோ தூக்குகிறாய் என்றுதான் பேச்சு போகிறது. ஆபத்து நேரத்தில் உடம்பில் எது கைகொடுத்தது, எது பாதியில் விட்டது என்று நேரில் பார்த்தவர்கள் எழுதினால் பலருக்கு உதவும். நான் பார்த்தது இது.

2024 டிசம்பர் தொடக்கம், ஃபெஞ்சல் புயல் மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. எங்கள் எஸ்டேட் சாலையிலும் ஒரு சில்வர் ஓக் வேரோடு சாய்ந்து வழியை அடைத்திருந்தது. அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் வழுக்கி விழுந்தார். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, தொட்டாலே அலறினார். இடுப்பெலும்பு போயிருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் வரைதான் வர முடியும். அதுவரை காப்பிக் காட்டுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதைதான்.

இரண்டு கால்களுக்கும் நடுவில் துணியை மடித்து வைத்துச் சேர்த்துக் கட்டினோம். இரண்டு மூங்கில், ஒரு கனத்த போர்வை, டோலி தயார். இறக்கத்தில் கால் முன்னால் போக வேண்டும், தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். நாலு பேரும் ஒரே காலை எடுத்து வைத்தால் டோலி குதிக்கும். அதனால் நடையை மாற்றி மாற்றிப் போட்டோம்.

முதலில் விட்டது கைப்பிடி. தினமும் ஜிம்முக்குப் போகிற தம்பி ஒருவர், நல்ல தோள், நல்ல மார்பு. ஈர மூங்கிலைப் பிடித்துக் கொஞ்ச தூரம் போனதும் அவர் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பித்தன. முகத்தில் களைப்பே இல்லை, விரல்தான் கேட்கவில்லை. துண்டை மூங்கிலில் சுற்றிப் பிடித்த பிறகு வழுக்கல் நின்றது. ஆள் மாற்றும்போது டோலியைக் கீழே வைக்கவில்லை. புதிய ஆள் தோள் கொடுத்து, “சரி, விடுங்க” என்று சொன்ன பிறகுதான் பழைய ஆள் விலகினார்.

அடுத்தது தொடை. ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். இதற்குப் பழகாதவர்களுக்கு முழங்கால் வெடவெடவென்று ஆடும். அன்று அசையாமல் நின்றவர்கள் விறகுக்கட்டு சுமந்து பழகிய எங்கள் ஊர் அக்காக்கள்தான். மேலே ஏறி செல்ஃபி எடுப்பதோடு நிறுத்தாமல், முதுகில் பத்து கிலோ அரிசிப் பையோடு ஊத்துமலைப் படியில் மெதுவாக இறங்கிப் பழகுங்கள் என்று பார்க்கிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்கிறேன்.

ஓமலூர் தம்பி:

அண்ணா, கைப்பிடி பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் ஒரு பையன் விழுந்தான். படி இல்லாத கிணறு. பக்கத்துக் காட்டுக்காரர் நல்ல நீச்சல்காரர், உடனே குதித்துப் பையனைப் பிடித்துவிட்டார். ஆனால் பிடித்தவர் மேலே வர வழியில்லை. ஒரு கையில் பையன், ஒரு கையில் பம்புசெட் குழாய், அப்படியே தொங்கினார்.

நான் அப்போது போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதில் ஆண்களுக்கு 5 மீட்டர் கயிறு ஏற வேண்டும். கையால் மட்டும் ஏறினால் பாதியில் செத்துவிடுவோம். கயிற்றை ஒரு பாதத்தின் மேல் வரவிட்டு, மற்றப் பாதத்தால் மிதித்துப் பூட்டிக்கொண்டு கையை ஓய்வெடுக்க விட வேண்டும். அப்படித்தான் இறங்கினேன். பையனின் அக்குளுக்கு அடியில் இன்னொரு கயிற்றைச் சுற்றிக் கட்டினேன், மேலே இருந்தவர்கள் இழுத்துவிட்டார்கள். அப்புறம் அவரையும் அதே மாதிரி ஏற்றினோம். நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர்கள் கயிற்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அஸ்தம்பட்டி அக்கா:

என்னுடையது மலையும் இல்லை, கிணறும் இல்லை, கல்யாண மண்டபம். பந்தியில் ஒருவர் சரிந்தார். மூச்சு இல்லை, கூப்பிட்டால் அசைவும் இல்லை. முதலுதவி வகுப்பில் படித்திருந்ததால் மார்பை அழுத்த ஆரம்பித்தேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது ஆழம் போக வேண்டும். முழங்கை மடங்கக் கூடாது, இடுப்பிலிருந்து உடம்பின் எடை முழுவதும் இறங்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எப்பேர்ப்பட்டவருக்கும் ஆழம் குறைந்துவிடும், செய்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறார்கள்.

மண்டபத்தில் அவ்வளவு பேர் இருந்தும், தரையில் மண்டியிட முடிந்தவர்கள் கொஞ்சம்தான். மூட்டுவலி, தொப்பை, இறுக்கமான பட்டுவேட்டி. தினமும் கையை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள் தம்பி, செலவே இல்லை.

இன்னொன்று. “யாராவது வாங்க” என்று கத்தினேன், ஒருவரும் நகரவில்லை. “பச்சைச் சட்டை தம்பி, நீங்க வந்து இங்க மண்டி போடுங்க. அண்ணா, நீங்க 108க்கு போன் போடுங்க” என்று விரலை நீட்டிச் சொன்னதும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். அந்தப் பச்சைச் சட்டை சமையல்கட்டில் அண்டா கழுவுகிற பையன். சத்தமாக எண்ணிக்கொண்டே, ஆம்புலன்ஸ் வரும்வரை என்னோடு மாறி மாறி அழுத்தினான்.